ஷாமியானாவின் நடுத்தொங்கல்

மாமாவுக்கு ஷாரோன் எழுதறது. நான் நல்லா இருக்கேன். கயிறு இழுத்த தோள்வலி கொறைஞ்சுதா?

ஜெர்மனியில என் ஆராய்ச்சி உங்க ஷாமியானா கட்டற தொழில்தான். ஓரத்துல கட்டின துணி நடுவுல எவ்ளோ தொங்கும்னு கண்டுபிடிக்கணும். இழுக்க இழுக்க துணியோட வெறைப்பும் மாறுமில்ல, அதான் கஷ்டம். மத்தவங்க கம்ப்யூட்டர்ல துணி வரைஞ்சு, அது மேல கட்டம் கட்டமா கோடு போட்டுக் கணக்குப் பாக்கறாங்க. நான் வெறும் புள்ளிகளைத் தூவிப் பாக்கறேன். போன வாரம் ஓரத்துல புள்ளியைக் கொறைச்சிட்டேன், கம்ப்யூட்டர்ல துணி பிச்சிக்கினு பறந்துடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. கூடுவாஞ்சேரி கல்யாணத்துல ஓரக்கயிறைக் கொறைச்சு நீங்க ஷாமியானாவைப் பறக்கவிட்டப்போ திட்டினேனே, மன்னிச்சிடுங்க.

புள்ளியைக் கூட்டினதும் இப்போ விடை வருது, நெஜத் துணியோட ஒத்துப் பாக்கணும். லேப் மூடறாங்க, சீக்கிரம் சொல்லிடறேன். அடுத்த ஷாமியானா கட்டினதும் போட்டோ அனுப்புங்க. உயரம் தெரிய நடுவுல ஒரு ஆள் நிக்கணும். வேற யாரையும் நிறுத்தாதீங்க. நீங்களே நில்லுங்க.