மிக்சர் இரைச்சல்

நேற்று அந்தப் பழைய கம்பளியைத் துவைக்க எடுத்தேன். ரெக்கார்டிங் அறைக் கதவில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தோமே, பச்சைக் கோடு போட்டது, அதுதான். பின்கட்டில் கொண்டுபோய் இரண்டு உதறு உதறினேன். வெள்ளையாகத் தூள் பறந்தது. கூடவே அந்த வாசனையும் வந்தது, காய்ந்த களிமண்ணில் தண்ணீர் தெளித்த மாதிரி. நீ வேலையிலிருந்து வந்து உட்கார்ந்தால் அறை முழுக்க அடிக்கிற வாசனை. அந்தக் கதவில் சாய்ந்துகொண்டால்தான் உனக்குப் பாட வரும். கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். படிக்க நீ இல்லை என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சுனாமி வந்த மறு வருஷம் அந்த மிக்சரை வாங்கினேன். என் வீட்டுக்காரர் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். நான் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாட்டையும் இதிலேயே பதியலாம் என்று யாரோ சொல்ல, நாலு மைக் சொருகுகிற சின்ன மிக்சர் ஒன்றைச் சென்னையிலிருந்து பழையதாக வாங்கி வரச் செய்தேன். தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எதிரே பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த நீ, என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி, வாசலில் வந்து நின்று கையை நீட்டினாய்.

"மிக்சரு வாங்கி இருக்கியாமே, ஒரு கை குடுடி."

காராபூந்தி இல்லை, கறுப்புப் பெட்டி என்று தெரிந்ததும் உனக்கு அப்படி ஒரு சிரிப்பு. அந்தப் பெட்டியில் மூன்றாவது துளை செத்துப்போயிருந்தது. நாலாவதைத் திருகினால் கரகரக்கும். நாலு என்று பேர், உழைத்தது இரண்டுதான்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி போகும் என்று கேள்விப்பட்டு, பரோட்டா கடையில் அட்டை சேகரித்து ஒட்டினேன். "கோழிப் பண்ணை வைக்கப் போறியா?" என்று கேட்டாய். ஒட்டியும் ஒன்றும் ஆகவில்லை. பீரோவைத் திறந்துபோட்டு, தொங்குகிற புடவைகளைப் பார்த்துப் பாடச் சொன்னபோதுதான் உன் குரல் குரலாகப் பதிந்தது. பூத்தையல் வளையத்தில் பழைய நைலான் துணியைக் கட்டி மைக்குக்கு முன்னால் வைத்தோம், 'ப'வும் 'பு'வும் வெடிக்காமல் இருக்க. கதவுக்குக் கம்பளி. மின்விசிறியை நிறுத்திவிடுவேன். வேர்த்துக் கொட்டும். இதையெல்லாம் எந்தப் புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை. தப்பு செய்து செய்து தெரிந்துகொண்டோம்.

ஒரே தொல்லை பக்கத்து மாவு மில். கம்பெனிகளுக்குக் கல் அரைத்துக் கொடுக்கிற மில் அது, காலை முதல் சாயங்காலம் வரை சுவர் அதிரும். மதியம் ஒன்று முதல் ஒன்றரை வரை மட்டும் நிற்கும், ஆட்கள் சாப்பிட. உன் கம்பெனியிலும் அதே அரை மணிதான் சாப்பாட்டு நேரம். ஆகவே நீ சாப்பிடாமல் ஓடி வருவாய். புருவத்திலும் காதோரத்திலும் வெள்ளைத் தூள் அப்படியே இருக்கும். முகம் கழுவினால் ஐந்து நிமிஷம் போகும் என்று கழுவ மாட்டாய். பாடி முடித்து, புளிச்சோற்றை நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவாய்.

கம்பெனியில் உனக்கு இரண்டு வேலை. காலையில், காய்ந்த களிமண் ஃபியூஸ் கட்டைகளின் ஓரத்தைச் சுரண்டி வழவழப்பாக்குவது. மதியத்துக்கு மேல், சூளையிலிருந்து வந்ததைக் குச்சியால் தட்டிப் பிரிப்பது. கணீர் என்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உன் காதுக்குத் தெரியும். அந்தக் காதை வைத்துத்தான் என் மிக்ஸையும் தட்டிப் பார்த்தாய். நான் எதையாவது ஒன்றைக் கேட்க வைக்க வேண்டுமென்றால் அதன் திருகைக் கூட்டிக்கொண்டே போவேன். கீபோர்டைக் கூட்டுவேன், அப்புறம் டோலக் அமுங்கிப்போச்சே என்று அதைக் கூட்டுவேன், கடைசியில் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் சேர்ந்து கத்தும்.

"ஏத்தாதடி. மத்தத எறக்கு," என்பாய். "எல்லாரும் நின்னுக்கிட்டுப் பேசுனா யாரு பேச்சு காதுல வுழும்? ஒருத்தர வுட்டுட்டு மத்தவங்கள உக்கார வையி."

நல்ல மிக்ஸ் என்றால் என்ன என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்கு அதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை. பரீட்சை வைப்பதற்கு நமக்குப் பெண்ணாடம் மினி பஸ் இருந்தது. சிடியை டிரைவரிடம் கொடுத்துவிட்டு நாம் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வோம். வண்டி இரண்டாவது கியரில் அலறும்போதும் வார்த்தை புரிந்தால் மிக்ஸ் தேறியது. புரியாவிட்டால் இறங்கி நடந்து வருவோம், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நீ சமாதானம் சொல்லிக்கொண்டு.

மாசி மகத்துக்கு ஒரு சிடி போட்டோம். விழாக் கமிட்டிக்காரர்களுக்கு நீ கட்டிய மெட்டு ஒன்று பிடித்துவிட்டது. "மணிமுத்தா நதிக்கரையில் மாசிமகக் கூட்டத்திலே மகள் கையப் புடிச்சிக்கிட்டு மலரெடுத்து வாரேனம்மா" என்று ஒரே மூச்சில் போகிற வரி அதில் உண்டு. ஒவ்வொரு வருஷமும் சிடியில் மற்றப் பாட்டுகள் மாறினாலும், அந்தப் பாட்டையும் புதிதாகப் பாடிச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். முதல் வருஷம் நீ அந்த வரியை ஒரே மூச்சில் பாடினாய். இரண்டாம் வருஷம் 'கூட்டத்திலே' என்கிற இடத்தில் மூச்சு எடுத்தாய். மூன்றாம் வருஷம் 'கரையில்' என்பதிலேயே ஒரு தடவை, 'புடிச்சிக்கிட்டு'வில் இன்னொரு தடவை.

எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. கம்ப்யூட்டர் திரையில் குரல் மேடு மேடாகத் தெரியும். மூச்சு அந்த மேடுகளுக்கு நடுவே புல் முளைத்த மாதிரி தெரியும். சுட்டியால் இழுத்து அதை வெட்டி எடுத்துவிடுவேன், இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிடுவேன். கேட்கிறவர்களுக்கு ஒரே மூச்சுப் பாட்டு. 'அந்தப் பொம்பள பண்ணா ரெக்கார்டிங்கு பளிச்சுனு இருக்குது' என்று பேர் வந்தது. திட்டக்குடியிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது.

அந்த மூன்றாம் வருஷம் ஒரு நாள் பாடிக்கொண்டிருந்தவள் பாதியில் ஹெட்போனைக் கழற்றினாய்.

"இன்னைக்கு ரொம்ப எரைக்குதுடி."

நம் ஊரில் ஸ்பீக்கர் இரைந்தாலும் 'எரைக்குது' தான், மாடி ஏறி மூச்சு வாங்கினாலும் 'எரைக்குது' தான். நான் ஒயரை மாற்றினேன். "இப்ப?" என்றேன். "இன்னும் எரைக்குது," என்றாய். பிளக்கைத் திருப்பிப் போட்டேன். மைக்கை மாற்றினேன். நீ என்னையே பார்த்துவிட்டு, "செரி வுடு, பாடிடலாம்," என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாய். பதிவைக் கேட்டால் உண்மையிலேயே ஒரு மெல்லிய விசில் இருந்தது. மட்டமான மிக்சர், அதன் புத்தியைக் காட்டிவிட்டது என்று அதைத் திட்டித் தீர்த்தேன். மறுநாளே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நெய்வேலிக்கு பஸ் ஏறினேன்.

ரிப்பேர் கடைக்காரர் பெட்டியைப் பிரித்தார், துடைத்தார், மூச்சை வெட்டாமல் நான் கொண்டுபோன சிடியையும் போட்டுக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

"மிக்சருல ஒண்ணும் இல்லைங்க," என்றார். "அவங்க மூச்சு இழுக்கறப்ப மட்டுந்தான் அந்த விசிலு வருது. பாட்டு நிக்கிற எடத்துல பாருங்க, கம்முனு இருக்குது. பாடறவங்கள டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் முழுக்க இதைத்தான் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். வந்து இறங்கினால், நீ என் வீட்டு வாசலில் நிற்கிறாய். அந்த வருஷம் சிடி அட்டையில் முதல் தடவையாக உன் பேரைப் போடுவதாகக் கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். போட்டோ வேண்டுமாம். எந்தப் புடவை கட்டிக்கொள்வது என்று கேட்க வந்திருந்தாய். நான் மாம்பழக் கலர் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இது வரைக்கும்கூட என்னை மன்னிக்க இடமிருக்கிறது.

அதற்குப் பத்து நாள் கழித்து நடந்ததுதான் என்னால் முழுங்க முடியாதது. பாடி முடித்துச் சோற்றை அள்ளிக்கொண்டே கேட்டாய்.

"பேக்கிங்குக்கு வரியான்னு கேக்குறாங்கடி. தூசி இல்லாத வேல. ஆனா அந்த ஷெட்டுல ரெண்டு மணிக்குத்தான் சாப்பாட்டுக்கு வுடுவாங்க. என்னா சொல்ற, போவட்டுமா?"

இரண்டு மணிக்கு மில் ஓடிக்கொண்டிருக்கும். மில் ஓடினால் ரெக்கார்டிங் கிடையாது. இன்னும் நாலு பாட்டு பாக்கி. கேட்டபோது உன் நெஞ்சில் ஏதோ கோளாறு இருப்பது எனக்குத் தெரியும்; உனக்குத் தெரியாது. அந்த நிமிஷத்தில் நான் உன் நெஞ்சை நினைக்கவில்லை. என் நாலு பாட்டை நினைத்தேன்.

"திருவிழா முடியட்டும்டி. அப்பறமா பாத்துக்கலாம்," என்றேன்.

நீயும் தலையாட்டிவிட்டாய். என்னைக் கேட்டுத்தான் நீ எதையும் செய்வாய். திருவிழா முடிந்தது, அதற்குள் பேக்கிங்குக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். நீ இன்னும் இரண்டு வருஷம் அதே இடத்தில் உட்கார்ந்து காய்ந்த கட்டைகளைச் சுரண்டினாய், அரை மணிக்கு ஓடி வந்து பாடினாய். நான் இன்னும் இரண்டு வருஷம் உன் மூச்சை வெட்டினேன். விசிலை எடுக்கவும் ஒரு வழி கற்றுக்கொண்டேன். கடைசி சிடியில் அந்த வரியை நீ துண்டு துண்டாக, ஆறு மூச்சில் பாடினாய். நான் ஒன்றாக்கிக் கொடுத்தேன். ஊரே மெச்சியது.

அப்போதே சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா, தெரியாது. டாக்டர்களைக் கேட்டேன், அவர்களும் அடித்துச் சொல்லவில்லை. தூசியில் இருந்த காலம் குறைந்திருந்தால் கொஞ்சம் நல்லது என்று மட்டும் சொன்னார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று மூக்கில் குழாய் இருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று பேசினாய்.

"ஒரு கொசு பறந்தாக்கூட... ரெக்கார்டிங்க நிறுத்துவியேடி. இது ஒனக்கு... காதுலயே படலையா?"

நீ குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாய். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"இல்லடி," என்றேன். "மிக்சர் எரைச்சல்னுதான் நெனச்சேன்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். தட்டிப் பிரிக்கிறவள் நீ. கணீர் எது, பொத்து எது என்று தெரியாதவளா? அப்புறம் என் கையை எடுத்துத் தட்டிக்கொடுத்தாய்.

"ஆமா. அது மட்டமான... மிக்சருதான்," என்றாய்.

இதுதான் நான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டிய பொய். எனக்குக் காதில் பட்டது. நெய்வேலியிலிருந்து வந்த அன்றே தெரியும். தெரிந்துகொண்டுதான் உன்னைப் பேக்கிங்குக்குப் போகாமல் நிறுத்தினேன். அந்த விசில் விஷயத்தில் மிக்சர் மேல் ஒரு குறையும் இல்லை. அதன் மேல் பழியைப் போட்டு நீ என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனாய் என்றால், அந்தக் காப்பாற்றல் எனக்கு வேண்டாம். ஏமாந்துதான் போனாய் என்றால், அந்த ஏமாற்றையும் என் கணக்கில் எழுதிக்கொள்.

இப்போது என்னிடம் நல்ல கருவிகள் இருக்கின்றன. பாட வருகிறவர்களுக்கு நான் முதலில் பாட்டைப் போடுவதில்லை. சும்மா நாலு வரி பேசச் சொல்லி, ஹெட்போனில் மூச்சைக் கேட்கிறேன். போன மாதம் மில் வேலைக்காரர் ஒருவர் பாட வந்தார். கேட்டுவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, அப்பறம் பாடலாம்," என்றேன். "பாட வந்தவன நோயாளி ஆக்கறீங்களா?" என்று கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். போகட்டும். டாக்டரிடம் போனாரா என்று அவர் தெருவில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். யார் மூச்சையும் இப்போது நான் வெட்டுவதில்லை. இளம் பிள்ளைகள் வந்து, "என்னாக்கா, மூச்செல்லாம் கேக்குது?" என்று குறை சொல்கிறார்கள். மூச்சு விடுகிற ஆள்தானே பாடுகிறார் என்று சொல்லி அனுப்புகிறேன்.

உன் குரலில் இருபத்தாறு பாட்டு என்னிடம் இருக்கிறது. நேற்று சாயங்காலம் எல்லாவற்றையும் போட்டுக் கேட்டேன். பாட்டுக்காக இல்லை. நீ மூச்சு விடுகிற சத்தம் எங்கேயாவது ஒரு இடத்தில் என் கைக்குத் தப்பியிருக்குமா என்றுதான் தேடினேன். வெட்டியதை வைத்துக்கொள்ள அந்தக் கம்ப்யூட்டரில் இடம் கிடையாது, அன்றன்றைக்கே அழித்துவிடுவேன். நெய்வேலிக்குக் கொண்டுபோன சிடியும் எப்போதோ கீறல் விழுந்து ஓடாமல் போயிற்று. இருபத்தாறையும் கேட்டு முடித்தேன். ஒன்றில்கூட நீ மூச்சு விடவில்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறேன்.