மிச்சமிருக்கும் ஒரு கரு

மே 5, செவ்வாய்

காலையிலேயே அனல். வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதுகிறேன்.

மதியம் ஆம்பூர் தோல் தொழிற்சாலை கேட்டில் என் மனைவி எஸ்தர். நான்கு மாதம் கழித்து. காட்பாடியில் தன் தம்பி சாலமன் வீட்டில்தான் இன்னும். இளைத்துவிட்டாள். கையில் மருத்துவமனைப் படிவம். உறையவைத்த எங்கள் கருக்கள் மூன்று. ஒன்று தங்கவேயில்லை. இன்னொன்று நான்காம் மாதம் கலைந்தது. மிச்சம் ஒன்று. அதை எடுத்து அவள் வயிற்றில் வைக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். அவள் போட்டுவிட்டாள்.

"மாத்திர ஆரம்பிச்சிட்டேன். அடுத்த புதனுக்குள்ள அவங்க கையில இருக்கணும். போஸ்ட்ல அனுப்புனாலும் போதும்னாங்க. உங்க கூட வாழணும்னு கேக்கல. இத மட்டும் குடுங்க."

"சாலமன் அனுப்பினானா?"

"அவனுக்குத் தெரியாது."

நம்பவில்லை. படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். ஃபேன் கண்டென்சர் வாங்க மறந்துவிட்டேன்.

மே 7, வியாழன்

தூக்கமில்லை. சாலமன் செய்தவை:

போன முறை கரு வைத்ததும் அவளைக் காட்பாடிக்கு அழைத்துப் போனது. என்னை வாசலில் நிறுத்தியது. "தோல் கம்பெனி கெமிக்கல் அக்கா மேல படக்கூடாது மாமா." எம்.எஸ்ஸி. வேதியியல் படித்த நான் தெருவில் நின்று ஜன்னல் வழியாக மனைவியிடம் பேசினேன். மாதக்கணக்கில்.

ஒரே ஒரு நாள் உள்ளே போனேன். குளித்து, சட்டை மாற்றி. அவள் கையைப் பிடித்தேன். அடுத்த வாரம் கலைந்தது. மருத்துவமனை வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னால் அறைந்தான். "எங்க அக்கா வயித்துல இருந்தத கொன்னுட்ட இல்ல நீ!"

என் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கருவிலேயே கோளாறு இருந்திருக்கலாம் என்று அவன் அறைவதற்கு முன்பே எஸ்தரிடம் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அறைக் கதவு திறந்திருந்தது. அவன் கத்தியதை அவள் கேட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

மே 8, வெள்ளி

வேலை முடிந்து நேராகக் காட்பாடி. சாலமன் செல்போன் கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தான்.

"அதே வராந்தாவுல மன்னிப்பு கேளு. கையெழுத்து போடறேன்."

சிரித்தான். "இன்னா மாமா, கொழந்தைய வெச்சி பேரமா? மொதல்ல போய் குளி. நாறுது."

அடித்தேன். உதடு பிளந்தது. தலைமுடியைப் பிடித்து ஷட்டரில் மோதினேன். மறுபடியும். அவன் பல் என் விரல் முட்டியைக் கிழித்தது. டீக்கடையில் இருந்தவர்கள் வந்து இழுத்தார்கள். யாரோ: "படிச்ச ஆளாட்டம் கீறாரு, கோவத்த பாரேன்."

நன்றாக இருந்தது. எழுதும்போதும் நன்றாக இருக்கிறது.

மே 9, சனி

கை வீக்கம். டி.டி. ஊசி. வெயில் கொல்கிறது.

கூட வேலை செய்யும் நசீர் பாய் கையைப் பார்த்துவிட்டார். "தோஸ்த், அவன அடிச்சே, சரி. அந்தம்மா இன்னா பண்ணிச்சி? போட்டு வுட்டுடு."

"பேசாம இருந்தா பாய்."

"நீ மட்டும் பேசினியா?"



மாலை எஸ்தர் போன். போலீசுக்குப் போகாமல் தம்பியைத் தடுத்துவிட்டாளாம். "எனக்கு வயசு ஏறிக்கினே போவுது. அந்தக் கருவுக்கு மட்டும் ஒறைய வெச்ச அன்னிக்கு இருந்த வயசுதான். தங்கும்னு சொல்ல முடியாது, வாய்ப்பு இருக்குன்றாரு டாக்டர். இது போச்சுன்னா எனக்கு வேற இல்ல. அன்னிக்கு நான் பேசியிருக்கணும். தப்புதான். போதுமா?"

போதவில்லை. இதை என் காதில் சொல்கிறாள். அவன் ஊர் பார்க்க அறைந்தான்.

மே 11, திங்கள்

லேசாகத் தூறி நின்றுவிட்டது. புழுக்கம்.

படிவத்தை மேஜையில் விரித்தேன். எஸ்தரின் கையெழுத்து, சர்ச் பதிவேட்டில் போட்ட அதே சாய்வு. பக்கத்தில் என் பெயர், கீழே காலிக் கோடு. பேனாவை எடுத்துப் பார்த்தேன். விரல் மடங்குகிறது. வலி ஒரு காரணமில்லை.

மடித்துக் கவரில் போட்டு ஒட்டினேன். மருத்துவமனை முகவரி. ஸ்பீட் போஸ்ட். புதனுக்குள் போய்விடும்.

கோடு காலியாகத்தான் போகிறது.