படங்கு மடிப்பில் ஒரு குளவி

என் ஆசை அம்மாவுக்கு,

நாளைக் காலை பாறையடிக் காட்டுக்குக் குளவி மருந்தடிக்கப் போகிறார்கள். அப்பாதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். மருந்தடிக்கும் டேங்கைக் கழுவி நம் லயத்து வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்திருக்கிறார். அதைத் தாண்டித்தான் உள்ளே வந்து இதை எழுதுகிறேன்.

உங்களைக் குளவி கொட்டியதிலிருந்து அந்தக் காட்டை ஒட்டிய தேயிலை மலையில் கொழுந்து பறிக்க யாரும் சம்மதிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றுவதற்குள் உங்களை மொய்த்துவிட்டதாம். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள், உங்களால் முடியவில்லை. லொறியில் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

"மாப்பிள்ளை தேடுற வயசுல குளவி தேடுறியேடி, இதுக்கா கம்பஸுக்கு அனுப்புனேன்?" என்று சிரிப்பீர்களே. பாறையடிக் காட்டு மரங்களில் பூக்கும் ஓர்கிட் பூவுக்கு எந்தக் குளவி மகரந்தம் சுமக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சி வேலை. இப்போது அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. தண்ணீர்ப் பைப்புக்கு நான் போனாலே பேச்சு நின்றுவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த உங்கள் துணிகளை நான்தான் துவைத்தேன். கொழுந்து பறிக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் கட்டும் படங்கின் மடிப்பில் ஒரு குளவி செத்துக் கிடந்தது. நசுக்கிப் போடாமல் ஏன் எடுத்து வைத்தேன்? பழக்கதோஷம். லென்ஸில் பார்த்தேன். மரத்தில் பெரிய கூடு கட்டிக் கூட்டமாய் வாழும் சாதி. என் பூவுக்கு வருவது அதுவல்ல அம்மா. பூவுக்கு வருவது மெலிந்தது, மண்ணில் தனியாக வளை தோண்டுவது, யாரையும் துரத்தாதது. நெற்றியில் இரண்டு மஞ்சள் மகரந்த மணிகளை ஒட்டிக்கொண்டு பூவுக்குப் பூ போகும். இன்னும் ஒன்றைக்கூட நான் பிடிக்கவில்லை, அதன் பெயரும் தெரியாது.

அப்பாவிடம் சொன்னேன். "எனக்கு எல்லாம் ஒன்னுதான். எதுவா இருந்தா என்ன, ஒங்கம்மா எந்திரிச்சு வருவாளா?" என்றார். சில நேரம் எனக்கே அந்த டேங்கைத் தூக்கிக்கொண்டு போய் அத்தனையையும் கொன்றுவிட வேண்டும் போலிருக்கிறது.

பிறகு தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்க் கெஞ்சினேன். "மகள், ரெண்டும் வேறன்னு கண்ணால காட்டுங்க. காட்டினா கூட்டை மட்டும் எரிக்கச் சொல்றேன், காட்டுக்கு மருந்து வேணாம்" என்றார். கொட்டிய குளவி என்னிடம் இருக்கிறது. பூவுக்கு வருவது, மகரந்தத்தோடு, ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும்.

இன்று பாறையோரம் அந்தப் பூ இருக்கும் மரத்துக்குப் போனேன். வெயில் பட்டதும் அந்த மெலிந்த குளவி வந்தது. என் முகத்துக்கு நேரே இருந்த பூவில் நுழைந்து, நெற்றியில் மஞ்சளோடு பின்வாங்கி வெளியே வந்தது. கையில் வலை இருந்தது. அதன் இறக்கைச் சத்தம் காதில் விழுந்ததும் உங்கள் வீங்கிய முகம்தான் கண்ணுக்குள் வந்தது. வலையை எறிந்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். கொட்டாத குளவிக்குப் பயந்து ஓடியதை யாரிடம் சொல்லி அழ?

மருந்தடித்தால் பூ அடுத்த வருஷமும் பூக்கும் அம்மா. மகரந்தம் சுமக்கக் குளவி இல்லாமல் காய் மட்டும் பிடிக்காது. அந்தக் கிழட்டுச் செடிகள் பட்டுப்போனால் அதோடு சரி. உங்களை ஒன்றும் செய்யாத ஒரு பூச்சி ஏன் உங்கள் பேரில் சாக வேண்டும்?

சற்றுமுன் அப்பா வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நான் கீழ ஓடையிலருந்துதான் அடிச்சிட்டு வருவேன். பாறைக்கிட்ட வர நேரமாகும்." பிறகு தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன்.

விடிந்ததும் போவேன். பனி விலகுமா, வெயில் ஏறுமா, அது வருமா, எதுவும் தெரியாது. துவைத்து வைத்த உங்கள் படங்கை இடுப்பில் கட்டிக்கொள்வேன். எறிந்த வலையை எடுத்துக்கொண்டு அந்தப் பூவுக்கு எதிரே நிற்பேன், அழுகை வரட்டும். உங்களால் ஓட முடியவில்லை. நான் ஓட மாட்டேன், அம்மா.

குளவி தேடும் உங்கள் மகள்,
சாந்தி