கோழித் தீவனத்தில் கலந்த மருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். தங்கள் உடல்நலத்துக்குக் குறைவொன்றும் இருக்காது என்று நம்புகிறேன். நான் வேலை செய்யும் இந்த மருத்துவமனையில் அம்மா நேற்று இரண்டு மடக்குப் பால் குடித்தார். செவிலியரிடம் சிரித்துப் பேசினார்.

"கோழிக்குப் போட்ட மருந்து கோழியோட போச்சு. உங்கம்மாவ அது என்னடா பண்ணும், பெரிய படிப்பாளி?" என்று தொலைபேசியில் கேட்டீர்கள். பதில் என் ஆய்வகத்தில் கிடைத்தது. நீங்கள் தீவனத்தில் கலந்த கிருமிக்கொல்லி மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கோழிக்குடல் கிருமி, தப்பிக்க வைக்கும் மரபணுவின் நகலை, கூண்டு கழுவும்போது அம்மாவின் கையில் பட்ட காயத்திலிருந்த வேறோர் இனக் கிருமிக்குக் கொடுத்துவிட்டது. இப்போது எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. நாளை வலக்கையை எடுக்கிறார்கள்.

அம்மா வளையல்களைக் கேட்கிறார். ஒரு கைக்கு மட்டும் அனுப்புங்கள். தபாலில் வேண்டாம், யாராவது நேரில் வந்தால் நல்லது. அம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

கோழிகள் எல்லாம் நலந்தானே?

தங்கள் மகன்