சைக்கிள் கம்பியில் சுட்ட வெங்காயம்

மதுரை,
செப்டம்பர் 14, ஞாயிறு.

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

நான் நலம். உன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. ஆஸ்திரேலியாவிலிருந்து நீ எழுதியதில் தேதி இல்லை, இரண்டு இடங்களில் வாக்கியம் முடியவில்லை. நம் கான்வென்ட்டில் இதற்கே நாலு மதிப்பெண் போயிருக்கும். அதைக்கூட மன்னித்துவிடுகிறேன். 'தாமஸ் கண்ணை மூடிய பிறகு அடுப்பே பற்றவைக்கவில்லை, ஒருத்திக்கு எதற்குச் சமையல், ரொட்டியும் பாலும் போதும்' என்று எழுதியிருக்கிறாயே, அதை மன்னிக்க முடியாது. ஆகவே, போன மாதம் வரை என் வாயால் யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

சமையல் வகுப்பில் நான் கருக்கிய கஸ்டர்டை நீ மறந்திருக்க மாட்டாய். 'இவளுக்கு நாக்கு உண்டு, கை இல்லை' என்று சிஸ்டர் என் ரிப்போர்ட்டில் எழுதினார்களே, அது சத்திய வார்த்தை. நாற்பத்தாறு வருஷமாக உறவெல்லாம் புகழ்ந்த சமையல் என்னுடையது அல்ல. சமைத்தது அவர்.

ஆமாம், முறுக்கு மீசையோடு மின்வாரிய அலுவலகத்தையே அதட்டிக்கொண்டிருந்த அவரேதான். ஞாயிறானால் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவோம். உசிலம்பட்டியில் ஒரு பரோட்டாக் கடை, சோழவந்தானில் ஆற்று மீன் வறுக்கும் ஒரு வீடு. நான் ஒரு வாய் வைத்துவிட்டு, 'சோம்பு தூக்கல், தேங்காய் கிடையாது, பொட்டுக்கடலை' என்று அவர் காதில் சொல்வேன். சாயங்காலம் அதே சால்னா எங்கள் வீட்டில் கொதிக்கும். கரண்டி அவர் கையில், தீர்ப்பு என் நாக்கில்.

விருந்தாளிகள் வரும் நேரத்துக்கு அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, செய்தித்தாளோடு முன்னறையில் உட்கார்ந்துவிடுவார். நான் முந்தானையில் கொஞ்சம் மஞ்சள் தூளைத் தடவிக்கொண்டு பரிமாறுவேன். ஆம்பிளை அடுப்படியில் நின்றால் அவர் ஊரில் சிரிப்பார்கள். எனக்குச் சமைக்கத் தெரியாது என்றாலோ எனக்கு அவமானம். அவர் மீசையும் பிழைத்தது, என் பெயரும் பிழைத்தது.

போன மாதம் அவருடைய முதல் வருஷத் திவசம். பத்து நாள் முன்பே அவர் தங்கை மாயக்காள் உசிலம்பட்டியிலிருந்து போன் செய்தாள். "மதனி, சமையக்காரன்லாம் வேணாம். உங்க கையால அண்ணனுக்குக் கோழிக்குழம்பு வச்சுப் படைங்க. இருபது பேரு வாரோம்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? அவர் இல்லாத வீட்டில் அவருடைய குழம்பை வைத்தாக வேண்டும், இல்லையென்றால் இத்தனை வருஷப் பெருமையும் ஒரே பந்தியில் போய்விடும்.

முதல் நாள் குழம்பு கசந்தது. இரண்டாம் நாள் காரத்தில் காது அடைத்தது. மூன்றாம் நாள் அழுதேன், இதை நீ யாரிடமும் சொல்லக்கூடாது. அப்புறம்தான் புத்தி வந்தது. கடைச் சால்னாவுக்குச் செய்ததை என் குழம்புக்கும் செய்தேன். ருசி பார்த்தேன், குற்றங்களை எழுதினேன், மறுநாள் திருத்தினேன். ஏழாம் நாள் எல்லாம் கூடி வந்தது, ஒன்றைத் தவிர. அவர் குழம்பை விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்லிய புகை வாசம் ஒன்று தங்கும். அது என்னுடையதில் இல்லை.

எட்டாம் நாள் அடுப்பு மேடையைத் துடைக்கும்போது, ஜன்னல் ஓரத்தில் அந்தச் சைக்கிள் சக்கரக் கம்பி கிடந்தது. அடுப்பின் ஓட்டையைக் குத்தத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்து, தூக்கிப் போடச் சொல்லி நூறு முறை சண்டை போட்டிருப்பேன். "கெடக்கட்டும் புள்ள" என்பார். அன்று அதன் முனையைப் பார்த்தேன். கருத்திருந்தது. வெங்காயத் தோல் ஒரு துணுக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. சின்ன வெங்காயத்தைத் தோலோடு கோத்து, நெருப்பில் சுட்டு, அதை அரைத்துச் சேர்த்திருக்கிறார்! என் நாக்கையே ஏமாற்றியிருக்கிறார் மனுஷர்.

திவசத்தன்று படையல் முடிந்து இலை போட்டோம். மாயக்காள் முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அண்ணே வச்ச மாதிரியே இருக்கு மதனி" என்றாள். நான் அடுத்த இலைக்கு நகரப் பார்த்தேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "எங்க ஆத்தா படுக்கையில கெடந்தப்ப எங்களுக்கு ஆக்கிப் போட்டதே அண்ணந்தான். அந்தக் கை ருசி எங்களுக்குத் தெரியாதா? நீங்க மஞ்சத் தூளப் பூசிக்கிட்டு வந்து நிப்பீங்க. நாங்க பஸ் ஏறுன பெறகுதான் சிரிப்போம்."

நாற்பத்தாறு வருஷம், ஜெசிந்தா! என் கர்வத்துக்காக ஒரு ஊரே வாயைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறது. முகம் சுட்டது. ஆனால் நான் குனியவில்லை. "இதுவரைக்கும் நீங்க சாப்பிட்டதெல்லாம் அவர் வச்சது. இன்னைக்கு இது நான் வச்சது. குறை இருந்தா சொல்லுங்க" என்றேன்.

"கொறையாவது ஒண்ணாவது, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க. அண்ணன விட உப்பு சரியா இருக்கு" என்றாள் மாயக்காள். அவள் மகன் அருள்பாண்டி சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி வழித்தே தின்றுவிட்டான். எழுபத்து நாலு வயதில் சிஸ்டரின் ரிப்போர்ட்டை நான் திருத்திவிட்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் எனக்கு மட்டும் சமைக்கிறேன். ஒரு ஆளுக்கு ஐந்து வெங்காயம் போதும், கம்பியில் கால்வாசிகூட நிறைவதில்லை. இருந்தாலும் ருசி பார்த்துத் தீர்ப்பை மட்டும் சத்தமாகச் சொல்கிறேன். பழக்கம் விடவில்லை.

நீ வகுப்பில் முதல் பரிசு வாங்கியவள். உனக்குக் கை எப்போதும் உண்டு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுந்து அடுப்பைப் பற்றவை. தாமஸுக்குப் பிடித்த மீனையே வை. முடியாவிட்டால் ஒரு வெங்காயமாவது சுடு. சாப்பிட்டுவிட்டு எப்படி இருந்தது என்று எழுது. உப்பைப் பற்றிப் பொய் சொல்லாமல், தேதி போட்டு எழுது.

ஆண்டவர் உன் வீட்டு நெருப்பைக் காக்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தாமரைச்செல்வி