நாற்பதும் நூறும்

2025 ஜூன் 9
எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. நாளைக்கு இதை வாசிக்க நானே திணறினால், நானே பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். குற்றாலம் மெயினருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு ஆயுசு முழுக்க எண்ணெய் தேய்த்த கை. பேனா நிற்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் இது நான் எழுதியது! முதியோர் கல்வி வகுப்பு டீச்சர் பார்த்தால் மகிழ்வார்.

என் மனைவி பேராச்சிக்கு இன்சுலின் போடும் சிரிஞ்சு தீர்ந்துவிட்டது. சீசன் கூட்டத்தில் குற்றாலத்துக் கடையில் இல்லை. தென்காசி போய் வாங்கினேன்.

ஜூன் 10
புது சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பழையதற்குச் சிவப்பு. கம்பெனிக்காரன் மாற்றியிருப்பான். எண் தெரியாத காலத்தில் மருந்தைச் சரிபாதி வரை இழுப்பேன். அதுதான் இருபது யூனிட் என்று நர்ஸ் காட்டியிருந்தார். இன்று 20 என்று வாசித்தே இழுத்தேன். மருந்து குறைவாகத் தெரிந்தது. இத்தனை நாள் கண்திட்டத்தில் அதிகம் போட்டுவிட்டேனோ? எண் பொய் சொல்லுமா?

“ஏட்டி, இனிமே எல்லாம் கணக்குதான்” என்றேன். சிரித்தாள்.

ஜூன் 13
நல்ல சாரல். பேராச்சி தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறாள்.

ஜூன் 17
வீட்டுக்கு வரும் நர்ஸ் ஆனந்தவள்ளி பேராச்சியின் விரலில் குத்திப் பார்த்தார். சுகர் 342. எப்போதும் 150 பக்கம் நிற்கும்.

“ஆச்சி, பலாப்பழம் தின்னீங்களா?”

“சத்தியமா ஒரு சுளை தொடல தாயி.”

நான் சிரிஞ்சைக் காட்டினேன். நர்ஸ் முகம் மாறியது. “தாத்தா, நம்ம பாட்டில்ல ஒரு மில்லிக்கு நாப்பது யூனிட். இது மில்லிக்கு நூறு யூனிட் உள்ள மருந்துக்கான சிரிஞ்சு.”

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதில் நூறு கோடு ஒரு மில்லி. இருபது கோடு அதில் ஐந்தில் ஒன்று. நம் மருந்தில் மில்லிக்கு நாற்பதுதான்; நாற்பதில் ஐந்தில் ஒன்று எட்டு. விடை சரி என்று நர்ஸ் சொன்னதும் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது — எட்டா? இருபது போக வேண்டிய உடம்புக்கு எட்டா போச்சு?

“இதுவே தலகீழா மாறியிருந்தா மருந்து கூடிப்போயி ஆச்சி மயங்கி விழுந்திருப்பாங்க” என்றார் நர்ஸ்.

பேராச்சி சும்மா இருப்பாளா? “எழுத்து தெரியாதப்ப ஒழுங்காத்தான் போட்டீங்க. நீங்க படிச்ச பொறவுதான் எனக்கு சுகர் ஏறுது.”

ஜூன் 18
நர்ஸ் தந்த சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்துக்கொண்டு பேராச்சி ஊசி போட்டுக்கொள்ள எதிர்வீட்டு ஸ்ரீவித்யாவிடம் போய்விட்டாள். காலேஜ் படிக்கிற பெண்ணாம். என்னை இனி நம்ப மாட்டாளோ?

ஜூன் 20
எண் பொய் சொல்லவில்லை. எதில் இருபது என்று நான்தான் கேட்கவில்லை. எண்ணெய்க் கடையில் ‘இரண்டு கொடு’ என்றால், லிட்டரா கரண்டியா என்று கேட்பார்களே! மருந்துக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை?

ஜூன் 24
சுகர் 210. இறங்குகிறது.

சாயங்காலம் பேராச்சி பாட்டிலும் சிரிஞ்சுமாக என் முன்னால் வந்து நின்றாள்.

“அந்தப் புள்ள குத்துதது முள்ளு ஏறுத மாதிரி இருக்கு. மொதல்ல பாட்டில வாசிங்க.”

“மில்லிக்கு நாப்பது.”

“சிரிஞ்சு?”

“அதுவும் நாப்பது.”

“இன்னொரு தடவ.”

வாசித்தேன். வயிற்றுப் பக்கம் சேலையை விலக்கி, கண்ணை மூடிக்கொண்டாள். போட்டு எடுத்துவிட்டேன்.

“என்ன யோசனை? போடுங்க” என்றாள், குத்தியது தெரியாமல், கண்ணைத் திறக்காமலே.

அடுத்த வாரம் வரும் சுகர் எண்ணை, எதில் எவ்வளவு என்று நர்ஸிடம் கேட்டு, சேர்த்தே இங்கே எழுத வேண்டும்.