எதை வேண்டுமானாலும் ஏற்றும் வண்டி

மதினி,

இன்று காலை நம் லோடு ஆட்டோவின் பின்பக்கத்தைக் கழுவினேன். ஆட்டு வாடையும் நனைந்த கரிசல் மண்ணின் மணமும் ஒன்றாக எழுந்து வந்தன. மூக்கைப் பொத்த வேண்டியவள் சிரித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது.

தீப்பெட்டி ஆலையில் மிஷின் வந்து, கைவேலைக்காரர்களை நிறுத்திய அன்று, நாம் இருவரும் தூக்குவாளியோடு மத்தியானமே வீடு திரும்பினோம். எனக்கு அழுகை முட்டியது. பெட்டியில் குச்சி அடைப்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? நீங்களோ ரோட்டில் போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

"ஏட்டி, இந்த ஊர்ல மழ பெய்யுதோ இல்லையோ, சாமான் போயிட்டும் வந்துட்டும்தான இருக்கு. நாம வண்டி ஓட்டுவோம்."

"நமக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே மதினி!"

"தீப்பெட்டி அடைக்க மட்டும் தெரிஞ்சுக்கிட்டா பொறந்தோம்?"

உங்கள் கழுத்துச் சங்கிலி ஒரு பழைய லோடு ஆட்டோவாக மாறி வாசலில் வந்து நின்றது. உங்கள் வீட்டுக்காரரான என் அண்ணன், "ரெண்டு பேரும் சேந்து யார் மேல ஏத்தப் போறிய?" என்று தலையில் கை வைத்தான். பிறகு அவனேதான் அறுப்பு முடிந்த காட்டில் நமக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். லைசென்ஸ் வாங்கியும் உங்களுக்கு வண்டியைப் பின்னால் எடுக்க மட்டும் வரவே இல்லை. எனக்கு அந்நியரிடம் வாயே வராது. அதனால் நான் ஓட்டினேன், நீங்கள் பேசினீர்கள்.

முதல் சவாரி ஞாபகம் இருக்கிறதா? புதூர்ப் பக்கத்திலிருந்து ஒருவருடைய ஆடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோனோம். நடுவழியில் மழை. சக்கரம் கரிசலில் பாதி புதைந்துவிட்டது. நீங்கள் ஆடுகளை இறக்கிவிட்டு, பக்கத்துக் காட்டில் காய்ந்து கிடந்த கம்பந்தட்டையை அள்ளிச் சக்கரத்துக்கு அடியில் போட்டுப் பின்னாலிருந்து தள்ளினீர்கள். நான் முறுக்கிய முறுக்கில் சேறு முழுக்க உங்கள் மேல். கண்ணும் பல்லும்தான் தெரிந்தன.

"தாயி, எது ஆடு, எது நீங்கன்னே தெரியலையே!" என்றார் ஆட்டுக்காரர்.

"கத்துறது ஆடு, ஏசுறது நானு அண்ணாச்சி!"

ஆடுகளை மறுபடி ஏற்ற முடியாமல் மூன்று பேரும் சிரித்தோம்.

ஊரடங்கு வந்து சந்தையை மூடினார்கள். நான் மறுபடி கலங்கினேன். அடுத்த வாரமே நீங்கள் வண்டியைக் கழுவி, காட்டுக்காரர்களிடம் வெங்காயமும் தக்காளியும் வாங்கி ஏற்றிவிட்டீர்கள். "சந்தைக்கு ஆள் வர முடியல. நாம ஆள்கிட்ட போவோம்," என்றீர்கள். அப்புறம் பருத்தி மூடை, கல்யாண வீட்டு நாற்காலி என்று எது வந்தாலும் ஏறியது.

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் நான் தனியாக நின்றேன். லோடு ஏற்றக் கூப்பிட்டு ஒருவரும் போன் செய்யவில்லை. ஒரு கமிஷன் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இறங்கிப் போய், "அண்ணாச்சி, ஏதாவது ஏத்தணுமா?" என்றேன். குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். உளுந்து மூடை ஏற்றிவிட்டு, நாளைக்கும் வரச் சொன்னார்.

உடம்பெல்லாம் உளுந்துத் தூசியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன்.

"நீயாட்டி கேட்ட?"

"நான்தான் மதினி!"

"எங்க, எப்படிக் கேட்டன்னு சொல்லு."

சொன்னேன். போதாது, இன்னும் சத்தமாக என்றீர்கள். நாலாம் தடவை நான் கத்திய கத்தலில், பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "எங்க வீட்ல ஒரு பீரோ இருக்கு, ஏத்துவியளா?" என்றார். நர்ஸ் வந்து திட்டும்வரை நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு உங்கள் முகம் என்றால் அந்த முகம்தான்.

அந்த "ஏதாவது ஏத்தணுமா?" இப்போது என் வாயிலேயே தங்கிவிட்டது. போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும் கேட்டுவிட்டேன். என் மகள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"ஆமா தாயி, நாளைக்குப் பருத்தி இருக்கு. வெள்ளனே வந்துரு."